சிவப்பு விளக்கு காட்டாத ஏற்றம்

ஸ்டோர்விக்,
பிப்ரவரி 15, ஞாயிறு

அன்பு மகன் சோந்ரேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம், அங்கே நீயும் உன் இரண்டு காது மடல்களும் உறையாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் நினைப்பு. வழக்கமாக வானிலையில் தொடங்கித்தான் மற்றதற்கு வருவேன், இந்தத் தடவை அது கடைசியில். ஜனவரி மூன்றாம் தேதி, நகரத்து ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் எரிந்துபோன நம் வண்டிக்காக மெக்கானிக் ஓட்கெய்ரின் மேசைக்கு முன்னால் நீயும் நானும் நின்றோமே, அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்த வண்டியை நீ ஓட்டியது வாரத்துக்கு இரண்டு நாள், மீதி நாளெல்லாம் நான்தான் ஓட்டினேன் என்று நான் சொல்லவில்லை. வண்டிக் கப்பலைவிட்டு நகரத்துக் கரையில் ஏறும் அந்தக் கப்பல்துறை ஏற்றத்தில் நீ ஒவ்வொரு தடவையும் ஹேண்ட் பிரேக்கை இழுப்பாய், நான் ஒவ்வொரு தடவையும் உன் கையைத் தட்டிவிடுவேன் என்பதையும் சொல்லவில்லை. என் மகன் நன்றாக ஓட்டுவான் என்று ஒரு சின்ன வாக்கியம், அதைக்கூடச் சொல்லவில்லை. ஓட்கெய்ர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு வருஷமா சிவப்பு எல் ஒட்டிக்கிட்டு ஓடுன வண்டியாச்சே இங்வில்ட், ஊரே பாத்துச்சே, பையனுக்கு மீன் துள்ளற மாதிரி கால், கிளட்ச் பிளேட்டு என்ன பண்ணும் பாவம்" என்றார். நீ காது வரைக்கும் சிவந்து, "ஆமா, நானாத்தான் இருக்கும்" என்றாய். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் அவர் 'கற்றுக்கொள்பவர் ஓட்டியது' என்று எழுதினார். நான் அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் பேசவில்லை என்று ஆறு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று என் தலைக்குள் முழுக்கச் சட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது, வாங்கி ஐந்து வருடத்துக்குள் பழுதானால் விற்றவர் பொறுப்பு, நம் வண்டிக்கு இரண்டரை வருடம்தான், முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்தான், கிளட்ச் என்பது ஒன்றரை லட்சமாவது தாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஓட்கெய்ருக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. "தேயுற பொருளுக்கு வாரண்டி கிடையாது, செருப்பு தேஞ்சா கடைக்காரன் தருவானா" என்றார். "ஒன்றரை லட்சம்னு புஸ்தகத்துல போட்டிருக்கு" என்றேன். "புஸ்தகம் எழுதினவன் சமவெளியில உக்காந்து எழுதினான்" என்றார். அந்த வாக்குவாதத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது, தயாரிப்பில்தான் குறை என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஆனால் ரோஷம் மட்டும் காரணமில்லை. பழி உன் பக்கம் நகர்ந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாக மூச்சு விட்டது. அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது, இன்றைக்கு உன் வயது. அப்போதிருந்து இந்த ஊர் என்னிடம் ஏதாவது தவறு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறதாக எனக்கு ஒரு எண்ணம். அதனால் எந்தத் தவறும் என் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதில் பழகிப்போய்விட்டேன், அது உன் பக்கம் போனாலும்.

ஐந்து நாள் கழித்து நீ கட்டாய ராணுவச் சேவைக்காக வடக்கே போய்விட்டாய். வண்டி ஓட்கெய்ரின் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது, நான் நடந்து கப்பலேறி நூலகத்து வேலைக்குப் போய் வந்தேன், விற்ற கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன், கடைசியில் இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு பரிசோதகர் வந்து பிரித்துப் பார்க்கட்டும் என்று முடிவானது. அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. எல்லைக் காவல் நிலையங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் லாரிக்கு உன்னை ஓட்டுநராக எடுக்கக் கூப்பிட்டார்கள் என்றும் நீ வேண்டாம் என்றுவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். "அம்மாவோட கிளட்ச்சையே எரிச்சவன், அரசாங்கத்து லாரியை எதுக்கு எரிக்கணும், என் காலுக்குப் புத்தி கிடையாது" என்று வேடிக்கையாக எழுதி, அடுத்த வரியிலேயே அங்கே தரும் மீன் உருண்டையைப் பற்றிப் போய்விட்டாய். மார்ச் முதல் தேதி வரை யோசித்துச் சொல் என்று உங்கள் அதிகாரி அவகாசம் கொடுத்திருப்பதை ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய். சின்னப் பிள்ளையிலிருந்தே உனக்கு உண்மையில் வேண்டியது எதுவோ அது ஓரத்தில்தான் வரும். நான் அந்த ஓரத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அங்கே உங்கள் கைபேசிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவதால் இதைக் கடிதமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் நல்லதற்குத்தான், வாயால் இதை நான் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன்.

போன வியாழக்கிழமை பரிசோதகர் வந்தாள். சுன்னிவா என்று பெயர், பெரிய நகரத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்திருந்தாள், முப்பது வயதிருக்கும், தோளில் ஒரு சின்னப் பை, வாயில் எப்போதும் கறுப்பு உப்பு மிட்டாய். ஓட்கெய்ருக்கும் ஒன்று நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டு, "லஞ்சமா" என்றார், "ஆமா, அவங்களுக்கும் ஒண்ணு குடுத்துட்டா சரியாப் போயிடும்" என்று எனக்கும் நீட்டினாள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி கியர் பாக்ஸை இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் ஒரு மூலையில் என் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, கிளட்ச்சைப் பற்றி நம் நூலகத்தில் இருந்த இரண்டு புத்தகத்தையும், வெளியிலிருந்து வரவழைத்த நான்கையும் படித்து முடித்திருந்தேன், பாகங்களுக்கெல்லாம் பெயர் சொல்வேன். ஆனால் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சுன்னிவா அதைக் கழற்றி, பெஞ்சில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் வைத்தாள், ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சின்ன வட்டம், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு புதுப் பிளேட்டை எடுத்து வைத்தாள், அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் லைனிங்குக்கு ஒரு க்ரோன் நாணயத்தின் கனம்கூட இருக்காது. அந்தக் கனத்தை நம்பித்தான் ஒன்றரை டன் வண்டியும் அதற்குள் நீயும் நானும் கிறிஸ்துமஸ் மரமும் பூனையும் மலை ஏறி இறங்கியிருக்கிறோம். ஒரு பக்கம் நிற்காமல் சுற்றுகிற இன்ஜின், மறு பக்கம் அசையாமல் நிற்கிற சக்கரம், இரண்டையும் மோதவிடாமல் கைப்பிடித்துச் சேர்த்துவைக்கிற வேலையை இந்த மெல்லிய பொருள் தினமும் நூறு தடவை யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. நம்முடையதில் லைனிங் ஆணி வரைக்கும் தேய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. அது உரசிய இரும்புச் சக்கரத்தை அவள் டார்ச் அடித்துக் காட்டினாள். சோந்ரே, அதன் அழகை நான் எதிர்பார்க்கவில்லை. ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், உள்ளே போகப் போகச் செம்பழுப்பு, ஊதா, நடுவில் நீலம், தூண்டிலில் ஏறிய கானாங்கெளுத்தியின் முதுகு முதல் நிமிடத்தில் மின்னுமே, அந்த நீலம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி வந்த நிறம் என்றாள். வாதாடக் கொண்டுவந்த தாளெல்லாம் மடியில் கிடக்க, நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுன்னிவா அந்த வட்டத்தைக் கையில் எடுத்தாள். பிளேட்டைத் திருப்பினாள், ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினாள், விளிம்பை நகத்தால் தடவினாள், எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தாள். பிறகு எங்களைப் பார்க்காமலே, "இது யாரோட கால்?" என்று கேட்டாள். ஓட்கெய்ர், "பையனோடது, இதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டான்" என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "கத்துக்கிற கால் இல்லங்க இது. கத்துக்கிறவங்க டக்குனு விடுவாங்க, வண்டி குதிக்கும், ஆஃப் ஆகும், எல்லாரும் சிரிப்பாங்க. ஸ்பிரிங்குலதான் அது தெரியும், ஸ்பிரிங் எல்லாம் புதுசு கணக்கா இருக்கு பாருங்க. இது நல்லாப் பழகின கால். அவசரமே இல்லாத கால். ஹாஃப் கிளட்ச்சுல, பெடலைப் பாதி மிதிச்ச மேனிக்கு, ஒரு மேட்டுல நின்னு, நின்னு, நின்னு எரிஞ்சது. பொருள்ல ஒரு குறையும் இல்ல" என்றாள். முன்பின் பார்த்திராத ஒரு பெண் ஒரு கரிந்த வட்டத்தைப் பார்த்து என் குணத்தை வாசித்துவிட்டாள். அவசரமில்லாத கால் என்று என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தினமும் எங்கயாவது மேட்டுல காத்திருப்பீங்களா?" என்று கேட்டாள். நானும் ஓட்கெய்ரும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரும் நம் கரைக்காரர்தானே, தினமும் காலையில் அதே கப்பலில் எனக்கு முன்னாலோ பின்னாலோ வருகிறவர்தானே.

பன்னிரண்டு பத்துக் கப்பல் வரும் நேரம். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள், மூன்று பேரும் நடந்தே போய் ஏற்றத்தின் தலைமாட்டில், பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் நின்றோம். உனக்கு நான் விவரிக்கத் தேவையில்லை, ஆனால் அன்று நான் அதை முதல் தடவையாக மேலிருந்து பார்த்தேன். எப்போதும் வரிசைக்குள் உட்கார்ந்தே பார்த்தவள். கீழே கப்பல் ஊழியர் மாக்னெ மஞ்சள் கையுறையை அசைத்தார், கப்பலின் வாய் திறந்தது, நம் ஊர் வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து ஏற்றத்தில் ஏறின. மேலே மீன் தொழிற்சாலை லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் வரிசை நின்றது. நின்றது என்று சொல்வது சரியில்லை. இருபத்து மூன்று வண்டிகள், நான் எண்ணினேன், அந்தச் செங்குத்தில் ஒன்றுகூடப் பின்னால் ஒரு சாண் வழுக்காமல், ஒன்றுகூடச் சிவப்பு விளக்கு காட்டாமல், ஒரே சுதியில் முனகிக்கொண்டு, கையில் பிடித்துவைத்த மூச்சு மாதிரி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. முன் வண்டி ஒரு முழம் நகர்ந்தால் இருபத்து மூன்றும் ஒரு முழம் நகர்ந்தன, ஒரே கயிற்றில் கட்டியதுபோல. பிரேக் விளக்கைக் காட்டினால் பின்னால் வருகிறவர் நிற்க வேண்டியிருக்கும், அவருக்குப் பின்னால் இருப்பவரும், அதற்குப் பின் கப்பலின் தளமே காலியாகாமல் நின்றுவிடும், அதனால் நம் ஊரில் அந்த ஏற்றத்தில் விளக்கு காட்டுவது மரியாதைக் குறைவு. ஹேண்ட் பிரேக்கோ, தளத்தில் தெறித்த கடல் தண்ணீரில் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்று அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை யாரும் தொடமாட்டோம். இரண்டையும் விட்டால் மிஞ்சுவது கிளட்ச்தான். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை, மூச்சு விடுவது எப்படி வந்ததோ அப்படி வந்தது. சுன்னிவா மிட்டாயை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "எத்தனை வருஷமா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள், கோயிலுக்குள் கேட்கிற குரலில். ஓட்கெய்ருக்கு விளங்கவில்லை. "ஏன், மத்த ஊர்ல எப்படி நிப்பாங்க?" என்றார். "பிரேக் போட்டு" என்றாள். "பின்னாடி வர்றவன் என்ன நினைப்பான்?" "அவனும் பிரேக் போடுவான்." ஓட்கெய்ர், "சே, பாவம்" என்றார்.

பிறகு அந்த வாசனை மேலே வந்தது. உனக்குத் தெரியும், கசப்பாக, முடி கருகின மாதிரியும் பழைய கயிறு மாதிரியும் ஒரு வாசனை. பிறந்ததிலிருந்து நான் அதைக் கப்பலின் வாசனை என்றே நினைத்திருந்தேன். கப்பல் வந்தால் அந்த வாசனை வரும், போனால் போகும், வேறென்ன நினைக்க முடியும். இந்த ஆறு வாரம் அதே ஏற்றத்தில் வண்டிகளுக்குப் பக்கத்திலேயே நடந்து ஏறினேன், அப்போதும் தோன்றவில்லை. உன்னைப் பிரசவித்து நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில், கப்பலுக்காகக் கீழே காத்திருந்தபோது, உன் அப்பா ஜன்னலை இறக்கினார், இந்த வாசனை உள்ளே வந்தது, நீ மூக்கைச் சுருக்கினாய், இதோ நம் கப்பல் என்று உன் காதில் சொன்னேன். நான் உனக்குச் சொன்ன முதல் செய்தி அது, அதுவே தப்பு. சுன்னிவா காற்றை முகர்ந்து, "அதோ, லைனிங்" என்று சாதாரணமாகச் சொன்னாள். கப்பல் இல்லை சோந்ரே, நாம்தான். பின்னால் இருப்பவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று ஒரு ஊரே இத்தனை வருடமாகக் காலையும் மாலையும் தன் கிளட்ச்சை எரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, ரொம்பப் பெரிய ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மாதிரி இருந்தது. சுன்னிவா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "இவ்ளோ மரியாதையா வண்டி ஓட்டுற ஊரை நான் பாத்ததில்ல. இவ்ளோ பிளேட்டைக் கருக்குற ஊரையும் பாத்ததில்ல." ஓட்கெய்ர் தன் சொந்த வண்டிக்கு இரண்டு தடவை மாற்றியிருக்கிறாராம், முப்பதாயிரம்தான் ஒரு கிளட்ச்சின் ஆயுள் என்று இத்தனை நாளாக உண்மையாகவே நம்பியிருக்கிறார் மனிதர்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஹேண்ட் பிரேக்கை ஏன் இழுப்பதில்லை என்று சுன்னிவா கேட்டாள், உறைந்துவிடும் என்று நாங்கள் இருவரும் ஒரே வாயாகச் சொன்னோம். அவள், "ராத்திரி முழுக்க நிறுத்திவெச்சா உறையும். நாலு நிமிஷத்துல எப்படிங்க உறையும்?" என்றாள். அது உன் கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் காலை, அதே ஏற்றத்தில், பதினேழு வயதில் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்துக்கொண்டு நீ கேட்டது, "நாலு நிமிஷத்துல எப்படிம்மா உறையும்?" நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா, உனக்கு நினைவிருக்கும், "கேள்வி கேக்காத, கிளட்ச்சைப் பிடி, பின்னாடி ஆளுங்க இருக்காங்க." புத்தகத்துக்குள்ளேயே வாழ்கிறவள், எதையும் ஏன் என்று கேட்காமல் விடாதவள் என்று என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை. அந்த ஒரு கேள்வியை இந்தக் கரையில் யாருமே கேட்டதில்லை, நீ கேட்டாய், நான் கையைத் தட்டிவிட்டேன். உன் கால் சரியாகத்தான் இருந்தது, உன் கையும் சரியாகத்தான் இருந்தது. நான் சொன்னதற்காகத்தான் நீ கிளட்ச்சில் பிடிக்கப் பழகினாய், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள். அந்த இரும்புச் சக்கரத்தில் இருக்கும் நீலம் முழுக்க என்னுடையது.

அங்கேயே, ரோட்டோரத்தில், மீன் லாரிகள் போய்க்கொண்டிருக்கும்போதே ஓட்கெய்ரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பிரேக் இழுத்ததை, நான் தடுத்ததை, அன்று மேசைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதை. மூன்றாவதை லாரிச் சத்தத்துக்கு மேல் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் காலால் பனியைக் கிளறிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அப்ப நானும்தான் பையனை வெச்சு சிரிச்சேன்" என்றார். ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் பழைய படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார், "இப்ப என்ன எழுத, நல்ல கால்னா?" என்று கேட்டார், "எழுதுங்க" என்றேன், சுன்னிவா சிரித்துவிட்டாள், அவர் உண்மையிலேயே எழுதிவிட்டார். சுன்னிவாவின் அறிக்கையில் ஒழுங்கான வாசகம் இருக்கிறது, 'தேய்மானம் கற்றுக்கொள்பவரால் ஏற்பட்டதல்ல, உற்பத்திக் குறையும் அல்ல.' இரண்டுக்கும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் அதிகாரியிடம் காட்ட வேண்டுமென்றால் ஓட்கெய்ருடையதைக் காட்டு, அதுதான் வேடிக்கையாக இருக்கும். வாரண்டிப் புகாரை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டேன். தோற்றுவிட்டேன் என்று சொல்லலாம், இவ்வளவு நல்ல தோல்வி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கிளம்பும் முன் சுன்னிவாவைக் கரையில் நின்ற கப்பலின் சிற்றுண்டிக் கடைக்குக் கூட்டிப்போய் அந்தத் தடித்த அப்பத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவி வாங்கிக்கொடுத்தேன், இரண்டு சாப்பிட்டாள். நம் கப்பலுக்கு உண்மையில் என்ன வாசனை என்று அப்போதுதான் நானும் கவனித்தேன். அப்பமும் ஈரக் கம்பளியும்.

இப்போது ஊர்ச் சேதி. குளிர்காலம் முழுக்க மலைக்குப் பின்னால் இருந்த வெயில் ஒன்பதாம் தேதி அதைத் தாண்டி நம் சமையலறைக்கு வந்துவிட்டது, மேசையில் உப்புக் குப்பி வரைக்கும் வந்து ஏழு நிமிடம் இருந்துவிட்டுப் போனது, இப்போது ரொட்டிப் பலகை வரை வருகிறது. பூனை அதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. கூரையில் பனி அதிகம், நானே ஏறித் தள்ளினேன், பயப்படாதே, கயிறு கட்டிக்கொண்டுதான். நூலகத்தில் ஹீட்டர் சத்தம் போடுகிறது, வருகிறவர்கள் அதற்கு மேல் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். இதோடு உனக்கு அனுப்பும் பெட்டிக்குள் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒரு கட்டி வைத்திருக்கிறேன், பகிர்ந்து சாப்பிடு, ஆனால் முதல் துண்டு உனக்கு. உடம்பை ஒட்டிக் கம்பளிதான் போட வேண்டும், பருத்தி வேண்டாம், வியர்த்தால் உடனே மாற்று. இரவில் தூக்கம் வருகிறதா என்று நீ எழுதவே இல்லை, எழுது. லாரியை ஓட்டு என்று நான் சொல்லப்போவதில்லை, ஒரு தடவை உன் கையைத் தட்டிவிட்டது போதும். வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் வேண்டாம் என்பதற்குக் காரணம் உன் காலாக இருக்கக் கூடாது, அது பொய்க் காரணம், அந்தப் பொய்யை எழுதவிட்டவள் நான். அதை மட்டும் அடித்துவிட்டுப் பிறகு நீயே முடிவு செய். ஓட்டுவதாக இருந்தால் மேட்டில் ஹேண்ட் பிரேக்கை இழு, யார் என்ன சொன்னாலும், அவர் யாராக இருந்தாலும்.

உன் காலுக்கும் கைக்கும், ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதுகிற அந்த மனசுக்கும் அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. குளிர் உன்னைத் தொடாமல், தொட்டாலும் நிற்காமல் போகட்டும். மார்ச் முதல் தேதியை மறந்துவிடாதே. காது மூடிய தொப்பியையும்.

அன்புடன், அன்று பேசாமல் நின்ற
உன் அம்மா
இங்வில்ட்

பி.கு. திங்கள். நேற்று தபால் இல்லாததால் இதை இன்று நகரத்திலிருந்து போடுகிறேன். வெள்ளிக்கிழமையே ஓட்கெய்ர் புது பிளேட் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்று காலை ஏழேகால் மணிக் கப்பலில் வண்டியோடு போனேன், வரிசையில் பன்னிரண்டாவது, எனக்குப் பின்னால் அவர். ஏற்றத்தில் மீன் லாரிகளுக்காக வரிசை நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கியரை எடுத்துவிட்டு, இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டேன். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. நாலு நிமிடம் கழித்து வரிசை நகர்ந்தது, பிரேக்கை விடுவித்தேன். உறையவில்லை.